கடுங்குளிரிலும் சுழலும் ஃபில்டர் சக்கரம்: பேரிங்கில் தொடங்குங்கள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கருவியான மிரி, 7 கெல்வினுக்கும் (சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்) கீழான குளிரில் இயங்குகிறது. ஒளிப்பாதையில் வெவ்வேறு ஒளிவடிகட்டிகளைச் சுழற்றி வைக்கும், 18 இடங்கள் கொண்ட அதன் ஃபில்டர் சக்கரம் நின்றுவிட்டால், 15 லட்சம் கிலோமீட்டர் போய்ச் சரிசெய்ய ஆளில்லை. அப்படியொரு சக்கரத்தை வடிவமைக்க உட்காருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: மோட்டார் அப்புறம், முதலில் பேரிங்.

100 மி.மீ. அலுமினியம் அந்தக் குளிரில் சுமார் 0.4 மி.மீ. சுருங்கும், பேரிங் எஃகு ஏறக்குறைய அதில் பாதிதான். எஃகு பேரிங்கை அலுமினியக் கூட்டில் நேரடியாக இறுக்கிப் பொருத்தினால், கூடு வெளிவளையத்தை நெரிக்கும். பேரிங்கின் உள்ளே உருளும் குண்டுகள் மேல் பளு ஏறும், உராய்வும் ஏறும். டைட்டானியத்தின் சுருக்கம் எஃகுக்குப் பக்கத்தில் வருவதால் கூட்டை அதில் செய்யுங்கள். அலுமினியம்தான் வேண்டுமென்றால், வளைந்துகொடுக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட வளையத்தை இடையில் வையுங்கள். குளிரில் வேண்டிய இடைவெளியை முதலில் முடிவுசெய்து, பிறகே கடைசல் அளவுக்கு வாருங்கள். குளிர்விக்கும் நேரத்துக்கும் தனிக் கணக்குப் போடுங்கள்: வெளிவளையம் குளிர்ந்து உள்வளையம் சூடாகவே இருந்தால், பளு இறுதிநிலையையும் தாண்டலாம்.

2022 ஆகஸ்டில் மிரியின் நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் பகுதி) ஒரு சக்கரத்தின் உராய்வு கூடி, அந்தச் சக்கரம் தேவைப்படும் வகை அவதானிப்புகள் நவம்பர் வரை நின்றன. மைய பேரிங் தொகுதியின் பாகங்களுக்கிடையே தொடுவிசை கூடியதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வுக் குழுவின் முடிவு. பேரிங்கை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

கிரீஸ் இந்தக் குளிரில் கல்லாகிவிடும். மாலிப்டினம் டைசல்பைடு என்ற உலர் மசகுப் பூச்சுதான் கைகொடுக்கும். ஆனால் ஈரக்காற்றில் சுழற்றினால் அது சீக்கிரம் தேயும். ஆய்வகத்தில் யாராவது 'சும்மா ஒரு சுற்று' என்று கை வைத்தால் தடுங்கள். உலர் நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ மட்டும் ஓட்டி, ஒவ்வொரு சுற்றையும் ஆயுள் கணக்கில் எழுதுங்கள்.

மோட்டாரின் முறுக்குவிசைக்கு (சுழற்றும் விசைக்கு) ஐரோப்பிய விண்வெளித் தரநிலை நல்ல வழிகாட்டி: கணக்கில் மட்டும் வந்த உராய்வை 3-ஆலும், அளந்த உராய்வை 1.5-ஆலும் பெருக்கி, மொத்தத் தடையைப்போல் குறைந்தது 2 மடங்கு முறுக்குவிசை வையுங்கள்.

குளிரில் செம்புச் சுருளின் மின்தடை பல மடங்கு விழும். அதனால் மோட்டாரை மின்னழுத்தத்தால் ஓட்டாமல், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். சக்கரம் நிற்கும்போது மின்சாரமே வேண்டாம். வில்விசையில் பள்ளத்தில் விழுந்து நிற்கட்டும். அதிர்வுச் சோதனை முடிந்ததும் மறுபடி குளிர்வித்து, நெடுநேரம் அசையாமல் விட்டு, அந்த முதல் அசைவின் உராய்வை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.