ஆகாயப்படை டெக்னீஷியன் வெளிவேலைக்கு வருவது எப்படி?

பட்டர்வொர்த் தளத்தில் விமானப் பராமரிப்பில் இருந்த நான், இப்போது பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். "அண்ணே, அடுத்த வருஷம் வெளியே வரேன், எங்கே தொடங்கறது?" என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. சீருடையில் இருக்கும்போதே தொடங்குங்கள்
படையிலிருந்து ஓய்வுபெறப் போகிறவர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவதற்கென்றே பெர்ஹெபாட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது, சுங்கை பூலோவில். நண்பன் போகிறான் என்று அவன் எடுத்த கோர்ஸிலேயே நீங்களும் போய் உட்காராதீர்கள்.

2. அனுபவத்தைச் சான்றிதழாக்குங்கள்
நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. பிபிடி என்று ஒரு வழி உண்டு. ஏற்கனவே செய்த வேலையைக் கோப்பாகத் தொகுத்து, அந்தத் தொழிலுக்கான தேசியத் தரத்தோடு வரிக்கு வரி பொருத்திக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சரிபார்ப்பார். கோர்ஸ் சான்றிதழ்கள், வேலைப் பதிவுகள், மேலதிகாரியின் உறுதிக் கடிதம் எல்லாம் அதற்குத் தேவை. மேலதிகாரியின் கையெழுத்தைப் படையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நீங்கள் தேடிப் போகும் நேரம் பார்த்து அவர் லாபுவானுக்கு மாற்றலாகியிருப்பார்.

விமானத்தை விட மனமில்லையா? அதற்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மின் லைசென்ஸ் வேண்டும். படையில் பெற்ற தகுதி அப்படியே லைசென்ஸாக மாறிவிடாது, தேர்வு எழுதியாக வேண்டும்.

3. ரெஸ்யூமேயை வெளியாள் பாஷையில் எழுதுங்கள்
என் முதல் ரெஸ்யூமேயில் "சார்ஜன், ஏர்ஃப்ரேம் டிரேட்" என்று மட்டும் இருந்தது. நேர்காணல் எடுத்த அம்மா, "ஏர்ஃப்ரேம் என்றால்?" என்று கேட்டார். விமானத்தின் உடற்பகுதி என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் தப்பில்லை. பிறகு இப்படி மாற்றினேன்: "ஹைட்ராலிக் கசிவைக் கண்டுபிடித்து சீல் மாற்றுவது, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்குவது, 6 பேர் கொண்ட ஷிப்ட்டுக்குப் பொறுப்பு."

இன்னொன்றையும் சேர்த்தேன். ஹேங்கரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். வேலை முடிந்து ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை விமானம் நகராது. நமக்கு இது தினப்படி சமாச்சாரம். தொழிற்சாலை மேனேஜர் அந்த வரியில்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஆனால் எந்த விமானம், எத்தனை, எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் எழுதாதீர்கள். 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் விடாது.

4. நேர்காணல்
விறைப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கேள்வி கேட்டதும் நான் எழுந்து நின்று "யா, துவான்!" (சரி, ஐயா!) என்று படைப் பாணியில் சொல்லித் தொலைத்தேன். எதிரே இருந்தவருக்கு என் மகன் வயது.

5. சம்பளத்துக்குத் தலையாட்டும் முன்
முகாம் வீடு இனி இல்லை, வாடகை உண்டு. சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதியான கேடபிள்யூஎஸ்பிக்குப் போகும். அப்புறம் காரில் போனால் பாலத்தின் டோல். கையில் நிற்பது எவ்வளவு என்று இதையெல்லாம் கழித்துப் பாருங்கள். ஷிப்ட் அலவன்ஸ் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதால் இன்னும் மோட்டாரில்தான் பாலம் ஏறுகிறேன்.