வாத்தியாருக்குப் பாராட்டு விழாவா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கூத்து ஜமாவை, அதாவது ஆட்டக் குழுவை, நாற்பது வருடமாகக் கட்டிக் காக்கும் வாத்தியார், ஊர்ப் பெண்களுக்குக் கும்மி சொல்லித்தரும் மூதாட்டி, கோயில் மேளத்தில் வாசித்துக்கொண்டே பிள்ளைகளைத் தயார்செய்த நாகஸ்வரக்காரர், பறைக்குழுவின் ஆசான். இவர்களை மேடையேற்றி மரியாதை செய்ய ஊர்ச் சங்கங்களும் நற்பணி மன்றங்களும் முன்வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பல விழாக்களின் முடிவில் கலைஞர் கையில் மிஞ்சுவது ஒரு பாலியெஸ்டர் சால்வை, ஒரு கேடயம், அன்றைக்குப் போன ஆட்டக்கூலி. விழாவைச் சிறப்பு விருந்தினரின் வசதிக்குத் திட்டமிட்டு, கலைஞரை அதற்குள் செருகுவதால் வரும் கோளாறு இது.

தேதியிலேயே தொடங்கும் பிழை

சட்டமன்ற உறுப்பினர் எந்த ஞாயிறு வருவார் என்று முதலில் கேட்கிறோம். கலைஞருக்கு அன்று வேலை இருக்கிறதா என்று கேட்பதில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடி வரை இழுக்கும். அந்த மாதங்களில் வாத்தியாரை ஒரு மாலை இழுத்தால் அவர் மட்டும் வருவதில்லை. பத்துப் பதினைந்து பேருடைய இரவுக்கூலி போகும். கரகம், உடுக்கை, பம்பைக்காரர்களுக்கு ஆடிதான் சம்பாத்தியம். நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கோ ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அவர்களுக்கு அது தோதான மாதம். மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்று நினைப்பார்கள். கோயிலில் வாசிப்பவருக்கு அந்த மாதம் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வேலை தொடங்கிவிடும். மாலை விழாவில் பத்து மணிவரை உட்காரவைத்தால் அவர் தூங்க நேரமே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி வேண்டாம். மழை ஒரு பக்கம், ஈரக்காற்றில் தோல் தொய்ந்து பறையும் தவிலும் நாதம் இழப்பது இன்னொரு பக்கம். எல்லோருக்கும் ஓரளவு ஒத்துவருவது நவராத்திரிக்கு முந்தைய மகாளய பட்சம். அப்போது முகூர்த்தம் இருக்காது, நவராத்திரிக் கச்சேரிகளும் தொடங்கியிருக்காது. ஆனாலும் கலைஞரிடம் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். மூன்று தேதிகளைச் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இருபத்தைந்து பேருக்கு ஒரே மாலையில்

ஒருவரைக் கூப்பிட்டு, அவர் படியேறி வந்து, சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து, படம் எடுத்து இறங்க நான்கு நிமிடம். 25 பேர் என்றால் 100 நிமிடம். இதில் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் பாதியில் இருந்து பெயர்களை வேகமாக வாசித்து, மூன்று மூன்று பேராக நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மீதிப் பேரை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

எண்ணிக்கை பெருக இன்னொரு காரணம், நன்கொடையாளர்கள். பந்தல் போட்டவரும் மண்டபம் தந்தவரும் ‘கலைச் செம்மல்’ ஆகிவிடுவார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், தனியாக, தொடக்கத்தில், ஒரு துண்டோடு. அறுபது வருடம் அடவு கட்டியவரும் ஒலிபெருக்கிக் கடைக்காரரும் ஒரே பட்டத்தோடு ஒரே வரிசையில் நின்றால் விருதுக்கு என்ன மதிப்பு?

மேடையில் ஆடுபவரை மட்டும் தேடுவதும் தவறு. கூத்துக்குக் கட்டை, அதாவது மரத்தாலான அணிகள், செய்பவர் இருக்கிறார். கிரீடமும் புஜகீர்த்தி எனும் தோளணியும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுபவை. எடை குறைவு என்பதால்தான் விடிய விடிய அணிந்து ஆட முடிகிறது. பறைக்குத் தோல் கட்டுபவர், நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியைச் செய்பவர், கூத்தில் முகவீணை எனும் சிறு குழலை வாசிப்பவர் இவர்களெல்லாம் பட்டியலிலேயே வருவதில்லை. ஊரில் மூன்று ஜமாக்காரர்களிடம் தனித்தனியாக ‘உங்களுக்கு அடுத்து யாரைக் கூப்பிடலாம்?’ என்று கேட்டால் இந்தப் பெயர்கள் தானாக வரும்.

புகழுரை

‘கலைத்தாயின் தவப்புதல்வர்’ என்று தொடங்கினால் அடுத்த ஆளுக்கும் அதையே வாசிக்கலாம். அப்படிப்பட்ட வரி எதற்கு? அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றிச் சொல்ல ‘கும்மிக் கலையின் சிகரம்’ தேவையில்லை, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற ஒரே வாக்கியம் போதும்.

எழுதுகிறவர் கலைஞர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். குரு யார், எந்த வேடம் அல்லது எந்த அடி அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, எத்தனை பேரைத் தயார்செய்தார், எந்தக் கூத்து முழுதும் மனப்பாடம். இந்த நான்கும் இருந்தால் புகழுரை தயார். 120 சொற்களுக்குள் முடித்தால் நிறுத்தி வாசிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். குருவின் பெயரைத் தப்பாகச் சொன்னால் மேடையில் அவர் முகம் சுருங்கிவிடும்.

அழைப்பிதழ்

விருந்தினர் பெயர் கொட்டை எழுத்தில், கலைஞர் பெயர் மூலையில் என்ற அமைப்பை மாற்றினாலே பாதி மரியாதை வந்துவிடும். பெயரோடு சாதிப் பெயரைச் சேர்க்காதீர்கள். ஊரில் கூப்பிடும் பட்டப்பெயரை அச்சிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது பெருமை, சிலருக்கு அவமானம்.

‘பத்மஸ்ரீ’ என்று பெயருக்கு முன்னால் போடுவதும் தவறு. அது பட்டமல்ல என்பதால் பெயரின் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ‘பத்மஸ்ரீ விருது பெற்ற’ என்று எழுதினால் சிக்கல் இல்லை. அதேபோல் நீங்கள் தரும் விருதுக்குக் கலைமாமணி என்றோ, காதுக்கு அப்படிக் கேட்கிறாற்போலவோ பெயர் வைக்காதீர்கள். அது மாநில அரசின் விருது. பின்னாளில் அவர் விண்ணப்பம் எழுதும்போது குழப்பம் வரும்.

‘ரெண்டு நிமிஷம் ஆடிக் காட்டுங்க’

இதைவிட மோசமான வாக்கியம் பாராட்டு மேடையில் கிடையாது. கூத்துக்கு அரிதாரம் பூசி, கட்டை கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அப்படி வந்தவருக்கு ஐந்து நிமிடம் தந்து, அமைச்சர் வந்துவிட்டார் என்று பாதியில் நிறுத்துவார்கள். ஆட்டம் வேண்டுமென்றால் குறைந்தது நாற்பது நிமிடம் ஒதுக்கி, ஜமாவுக்குத் தனிக்கூலி பேசுங்கள். முடியாதென்றால் வேடமில்லாமல் ஒரு பாட்டு பாடச் சொல்லுங்கள், அதுவும் அவர் விரும்பினால்.

பறையைச் சூடேற்றித்தான் அடிக்க முடியும். தீயில் காட்டிய தோல் விறைத்துத் தெளிவாகப் பேசும். ஒரு மணி நேரம் வரவேற்புரை ஓடினால் மறுபடி தொய்ந்துவிடும். மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள், ஆகவே வெளியே பாதுகாப்பான இடமும் வைக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் ஏற்பாடு செய்து, கால் மணி முன்னதாகச் சொல்லிவிடுங்கள். நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசு வாயில் மைக்கைச் செருகாதீர்கள். சத்தம் பிளந்து காது வலிக்கும். மூன்று, நான்கு அடி தள்ளி வைத்தால் சீராக வரும், சிறிய மண்டபத்தில் மைக்கே தேவையில்லை.

இன்னொன்று: விருது வாங்க வந்த பறைக்குழுவையே வாசலில் நிறுத்தி விருந்தினரை அடித்து வரவேற்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. 2025-இல் பறைக்காக வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குப் பிறகும் விருதாளரை வாசலில் நிறுத்துவதற்குச் சாக்கு ஏதும் கிடையாது. அவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும், வரவேற்புக்கு வேறு குழுவைக் கூலி கொடுத்து அழையுங்கள்.

மேடைப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள், எழுபது வயதுக்காரர் ஏற வேண்டும். பெண் கலைஞருக்குப் பெண் விருந்தினர் சால்வை போர்த்தட்டும்.

பணமுடிப்பு

பெரிய அட்டையில் செய்த மாதிரிக் காசோலையைப் படத்துக்குக் கொடுத்துவிட்டு உண்மைக் காசோலையை ‘அடுத்த வாரம்’ என்பது மன்னிக்க முடியாதது. ஊர் அறிந்த பெயரில் காசோலை எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஊருக்கு அவர் ‘துரியோதனன் மணி’ என்றாலும் வங்கிப் புத்தகத்தில் பெயர் சுப்பிரமணியாக இருக்கலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வாங்கி, அதில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். காசோலை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். நேராகக் கணக்கில் போட்டுவிட்டு மேடையில் தொகையை அறிவிப்பது இன்னும் எளிது. போக வர வண்டி வாடகையை இந்தத் தொகையில் கழிக்காதீர்கள்.

கேடயத்தைச் சிறிதாக்கி அந்தக் காசை வேறு வழியில் திருப்பலாம்: புதுத் தோல் கட்டிய பறை, ஒரு செட் சீவாளி, ஆர்மோனியப் பழுது. எது வேண்டும் என்று முன்பே கேட்க வேண்டும். நீங்களாக வாங்கிய சீவாளி அவர் சுருதிக்குச் சேராமல் போகலாம்.

விழா முடிந்த பிறகு

உங்கள் புகழுரையும் படங்களும் அரசு விருதுக்கு ஆதாரமாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக விருது தருகிறது: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச்சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. வயதுச் சான்று இல்லாமல் தவறான பிரிவில் அனுப்பினால் விண்ணப்பம் தங்காது. ஏற்கெனவே மாநில, தேசிய விருது பெற்றவர்களுக்கு இது இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று அன்றைக்கே விசாரியுங்கள், இல்லையென்றால் படிவம் நிரப்ப ஓர் இளைஞரை அவரோடு அனுப்புங்கள். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். அதில் சாதனைக் குறிப்பு 800 சொற்களைத் தாண்டக் கூடாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதிய குறிப்பேட்டை இதற்காகவே பத்திரப்படுத்தி, ஒரு நகலை அவர் குடும்பத்திடம் கொடுத்துவையுங்கள்.