கை வைத்தால் போதும், கத்த வேண்டாம்

காட்பாடியில் எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலமானால் டிவி விவாதம்தான். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இரண்டரை வயதுப் பேத்தி அதில் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? யார் பேசினாலும் நடுவில் புகுந்து "பிரேக்கிங்! பிரேக்கிங்!" என்று அலறுவது. கீரைக்கார அம்மாவிடமும் அப்படித்தான். அவர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் முகம் சுருங்கியது.

முதலில் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் டிவி செய்தியை நிறுத்தினேன். செய்தி இல்லாமல் எனக்குப் பொழுது ஓடாது. அதனால் காலையில் வானொலிச் செய்தி, அப்புறம் பேப்பர். திடுக்கிட வைக்கும் பின்னணி இசை இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்போது சின்னவனாக இருந்த பேரன், ஒவ்வொரு முறையும் புது வெள்ளம் என்று நினைத்து அழுதான். உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது.

சரி, குறுக்கே பேசுவதற்கு? ஏதாவது சொல்ல வேண்டுமானால் என் மணிக்கட்டில் கை வைக்கச் சொன்னேன். அதன்மேல் நான் என் கையை வைப்பேன். "தெரியும், கொஞ்சம் இரு" என்று அர்த்தம். ஐந்து எண்ணுவதற்குள் அவள் பக்கம் திரும்பிவிட வேண்டும். இந்த வயதுக்கு அவ்வளவுதான் பொறுமை. தாமதித்தால் பழைய அலறல்தான்.

நேற்று கீரைக்கார அம்மாவிடம் பேரம் பேசும்போது கை வைத்தாள். திரும்பினேன்.

"தாத்தா, உச்சா."