தெருப்பூனையை வீட்டுப்பூனையாக்குவது எப்படி?

வாசலில் தினமும் சோறு வைத்துப் பழகிய பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில், சின்ன வீட்டில்கூட இது முடியும். பெரிய செலவு இல்லை. முதல் சில வாரங்களுக்குப் பொறுமைதான் வேண்டும்.

1. எந்தப் பூனை என்று பாருங்கள்

எல்லாத் தெருப்பூனைக்கும் வீடு பிடிக்காது. உங்களைக் கண்டதும் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசுகிறதா? அது மனிதரோடு பழகிய பூனை, வீட்டுக்கு வரும். நீங்கள் பத்தடி தள்ளிப் போனால்தான் தட்டை நெருங்குகிற வளர்ந்த பூனையைப் பிடித்து அடைப்பது அதற்குத் தண்டனை. கருத்தடை செய்து, அதே இடத்தில் விட்டு, தொடர்ந்து சோறு வையுங்கள். அதற்கு அதுதான் நல்லது.

குட்டிகள் மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்வது பிறந்து 2 முதல் 7 வாரம் வரை. பிறகும் பழகும், நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் குட்டி தனியாகக் கத்துகிறதே என்று உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அடிபடாமல், வெயிலில் வாடாமல் இருந்தால், சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். தாய் இருந்தால் 8 வாரம் வரை அதனிடமே இருக்கட்டும்.

2. வீட்டுக்கு வரும் வழியில் மருத்துவர்

மூடி உள்ள கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். இருட்டானால் பூனை அடங்கும். ஆட்டோவில் மடியில் வைத்துப் போக வேண்டாம். ஒரு ஹாரன் சத்தம் போதும், பாய்ந்துவிடும்.

பக்கத்தில் கால்நடை மருத்துவர் இல்லையென்றால், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. குடற்புழு மருந்தும் உண்ணிக்கு மருந்தும் முதல் நாளே கேளுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போகும். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பன்லூக்கோபீனியா என்ற வைரஸ் குட்டிகளை வேகமாகக் கொல்லும், உங்கள் செருப்பில்கூட ஒட்டி வரும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைமேல் ஊற்றவே கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

3. முழு வீட்டையும் காட்டாதீர்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். தெருவில் வளர்ந்த பூனைக்கு உங்கள் வீட்டின் மிக்ஸி சத்தம், காற்றாடி, காலிங் பெல் எல்லாமே ஆபத்து. முழு வீட்டையும் திறந்துவிட்டால் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், இரண்டு நாள் வெளியே வராது. ஒரே ஓர் அறை கொடுங்கள். கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி, அதில் ஒரு வாசல். ஒரு மூலையில் சோறும் தண்ணீரும், எதிர்மூலையில் மணல் தட்டு. கட்டிலுக்கு அடியையும் பீரோவுக்குப் பின்னாலும் அடைத்துவிடுங்கள்.

முதல் நாட்களில் அது பெட்டியைவிட்டு வராது. இரவில் தட்டு காலியாகி, காலையில் மணலில் கால்தடம் இருந்தால் எல்லாம் சரியாகத்தான் போகிறது. நீங்கள் போய்த் தரையில் உட்காருங்கள், நேராக அல்ல, பக்கவாட்டில் திரும்பி. புத்தகம் படியுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்தால் பூனை அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பார்வை சந்தித்தால் மெதுவாக இமையை மூடித் திறங்கள். ஒருநாள் அதுவும் அப்படியே மூடித் திறக்கும். அப்புறம் நீண்ட கரண்டியில் வேகவைத்த கோழித் துணுக்கை நீட்டுங்கள், நாள் போகப்போகக் கரண்டியைக் குட்டையாகப் பிடியுங்கள். கடைசியில் ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டி அசையாமல் இருங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தை விரலில் தேய்த்தால், அதுதான் உங்களுக்குக் கிடைத்த அனுமதி. கன்னத்தையும் காதோரத்தையும் தடவலாம், வயிற்றைத் தொட வேண்டாம். குட்டி என்றால் சில நாள், வளர்ந்தது என்றால் சில வாரம், சிலதுக்கு மாதங்கள்கூட ஆகும். நீங்களாகப் போய்த் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான், இலவசமாகப் போடுவார்கள்.

4. பால்சோறு போதாது

நம் வீடுகளில் பூனை என்றாலே பால் என்கிற பழக்கம் இருக்கிறது. பெரும்பாலான பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும். தயிர்சாதம் வயிற்றை நிரப்பும், ஆனால் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. சைவ வீட்டுக்காரர்கள் பூனைகளுக்கென்றே விற்கும் உலர்தீவனத்தை வாங்கிவிடலாம். சமைப்பதானால் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, மீன். வெங்காயம், பூண்டு பட்ட குழம்பு ஊற்றிய சோறு கூடாது, கருவாட்டில் உப்பு அதிகம். மத்தி மலிவு என்று அதையே தினமும் போடாதீர்கள், கோழியோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

5. மணல் தட்டு

பூனை தானே மண்ணைத் தேடும், நீங்கள் சொல்லித்தர வேண்டியது மிகக் குறைவு. அகலமான பிளாஸ்டிக் தட்டில் மூன்று விரல் உயரத்துக்கு மணல். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டு. தினமும் அள்ளுங்கள். கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். கடுவன் பூனை தட்டில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், ஒருநாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும்.

6. வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பினாயில். அதைத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும், அந்த விஷத்தைச் சிதைக்கும் வலு அதன் கல்லீரலுக்கு இல்லை. தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினி எதுவும் வேண்டாம். வெறும் சோப்புத் தண்ணீர் போதும். அந்துருண்டையும் கற்பூரமும் டப்பாவுக்குள் போகட்டும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும், காய்ச்சல் என்று நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பூங்கொத்தில் வரும் லில்லி சிறுநீரகத்தை அழிக்கும்.

பூ கட்டும் நூலையும் கவனியுங்கள். பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது. குடலில் போய்ச் சிக்கினால் அறுவை சிகிச்சைதான்.

பால்கனிக்கு வலை, பூனை உள்ளே வருவதற்கு முன்பே. புறாவலை போதும் என்பார்கள், ஆனால் நைலானைக் கடித்துவிடும். கம்பிவலை நல்லது.

7. கருத்தடை

பெட்டைப் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படும், 9 வாரத்தில் ஈனும். 5 மாதம் ஆனதும் நாள் குறித்துவிடுங்கள். கடுவனுக்கும் செய்தால் சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதும் சண்டைக்கு வெளியே ஓடுவதும் பெருமளவு குறையும்.

உங்கள் குட்டியின் தாய் இன்னும் அதே தெருவில் இருந்தால், அதன் காதைப் பாருங்கள். நுனி வெட்டியிருந்தால் ஏற்கெனவே ஆகிவிட்டது. இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினைப்படக்கூடும்.