கோல்ஃப் வண்டிப் பற்றரியை வீட்டில் சோதிக்கும்போது செய்யும் பிழைகள்

இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு, காலையில் பிளக்கைக் கழற்றிய கையோடு மீற்றரை வைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. 48 வோல்ற் வண்டியில் 53 அளவில் காட்டும். திருப்தியாக வண்டியை எடுத்தால் இரண்டு ஒழுங்கை தாண்டுவதற்குள் இழுவை குறைந்துவிடும். பிறகு சார்ஜரைத் திட்டுவோம், மோட்டாரைத் திட்டுவோம்.

யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அதில் இருக்கும் ஈய அமிலப் பற்றரியும், 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் பலர் இன்வேட்டருக்கு வாங்கிப் போட்ட பற்றரியும் ஒரே குடும்பம். ஆகவே வண்டி இல்லாதவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

சார்ஜ் முடிந்த உடனே பற்றரியின் வோல்ற் அளவு உண்மையைவிட உயர்ந்து நிற்கும். அது இறங்கக் குறைந்தது ஆறு மணித்தியாலம் வேண்டும்; ஒரு இரவு விட்டால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் சார்ஜரும் கழற்றியிருக்க வேண்டும், வண்டியின் பிரதான சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும். அப்படி ஓய்ந்த பிறகு, முழுதாகச் சார்ஜ் ஏறிய 6 வோல்ற் பற்றரி 6.37 காட்டும். 8 வோல்ற் என்றால் 8.49, 12 வோல்ற் என்றால் 12.73, பற்றரிகளை வரிசையாக இணைத்த மொத்த 48 வோல்ற் அடுக்குக்கு ஏறக்குறைய 50.9. பாதி தீர்ந்த அடுக்கு 48.4. நிறைவுக்கும் பாதிக்கும் இடையில் இரண்டரை வோல்ற்தான் வித்தியாசம். மலிவான மீற்றரின் உள்ளே இருக்கும் சின்ன 9 வோல்ற் பற்றரி இறங்கிப் போனால் அது கூட்டிக் காட்டத் தொடங்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, 50.9 வந்துவிட்டது. பற்றரி நல்லது என்று அர்த்தமா? இல்லை. தூர்ந்துபோன கிணற்றிலும் தண்ணீர் மட்டம் அதே உயரத்தில்தான் தெரியும்; இறைக்கத் தொடங்கினால்தான் ஆழம் விளங்கும். ஓய்வு நிலை வோல்ற், பற்றரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லாது.

மொத்த அடுக்கை மட்டும் அளந்துவிட்டு விடுவது அடுத்த பிழை. ஆறு 8 வோல்ற் பற்றரி உள்ள வண்டி ஒன்றில் ஐந்து 8.49 காட்ட, ஒன்று மட்டும் 7.9 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 50.35 வரும். 80 வீதத்துக்கு மேல் இருக்கிறது, பயமில்லை என்று மூடிவிடுவோம். அந்த ஒன்றுதான் வண்டியை நடுவழியில் நிறுத்தப்போகிறது. ஒவ்வொரு பற்றரிக்கும் இலக்கம் எழுதி, தனித்தனியாக அளந்து குறித்து வையுங்கள்.

மூடி திறக்கக்கூடிய பற்றரி என்றால் என் ஓட்டு, உள்ளே இருக்கும் அசிட்டை உறிஞ்சி அதன் அடர்த்தியை மிதவையால் காட்டும் ஹைட்ரோமீற்றருக்குத்தான். மல்ரிமீற்றரைவிட விலை குறைவு, சொல்வது அதிகம், ஏனென்றால் அது பற்றரிக்குள் இருக்கும் அறைகளை, அதாவது செல் செல்லாகக் காட்டும். முழுச் சார்ஜில் அடர்த்தி 1.277 அளவில் நிற்க வேண்டும், 1.172 என்றால் பாதி. இலக்கத்தைவிடச் செல்களுக்கிடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். சமன்படுத்தும் சார்ஜ் (செல்கள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வர வேண்டுமென்றே கூடுதல் நேரம் ஏற்றுவது) போட்ட பிறகும் ஒரு செல் மற்றவற்றிலிருந்து 0.050 விலகி நின்றால் அந்தப் பற்றரியில் கோளாறு. இங்கே நடக்கும் பிழைகள் எல்லாம் அவசரத்தால் வருபவை. ஒரே இழுப்பில் வாசிக்கக் கூடாது, இரண்டு மூன்று தரம் உறிஞ்சி விட்ட பிறகே வாசிக்க வேண்டும். மிதவை குழாயின் சுவரில் ஒட்டாமல் தனியே நிற்க வேண்டும், கண் அதன் மட்டத்துக்கு வர வேண்டும். தண்ணீர் விட்ட கையோடு அளந்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள்; நல்ல செல்லும் செத்ததுபோலத் தெரியும். சூட்டுக்கும் கணக்கு உண்டு. 27 பாகைக்கு மேல் ஒவ்வொரு 5.5 பாகைக்கும் 0.004 கூட்ட வேண்டும். எங்கள் ஊரில் சித்திரை வெயிலைத் தவிர மற்ற நாட்களில் அது பெரிதாக வராது.

தண்ணீர் பற்றி ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. தேநீர்க் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சுண்ணாம்பு பற்றரிக்குள்ளும் போகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்புகள் முழுதாகப் போகாது. கடையில் விற்கும் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும்தான். அதையும் சார்ஜ் முடிந்த பிறகு, உள்ளே இறங்கும் குழாயின் அடி விளிம்புக்கு 3 மில்லிமீற்றர் கீழே வரை விடுங்கள். சார்ஜுக்கு முன்னர் நிரப்பினால் பொங்கி வழியும். தட்டுகள் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூடும் அளவு முதலிலேயே கொஞ்சம் விடலாம். அசிட் ஊற்றாதீர்கள். ஹைட்ரோமீற்றர் உயர்ந்து காட்டும், தட்டுகள் இருந்தபடியே இருக்கும். சோதனையைக் கெடுத்ததுதான் மிச்சம்.

உண்மையான பரீட்சை சுமையில்தான். வெளிநாட்டு வழிகாட்டிகளில் வண்டியை ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக முழுச் சார்ஜ் ஏற்றி, நாலு பெரியவர்களை உட்கார்த்தி, தெரிந்த ஒரு பாதையில் அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். வந்து நின்றதும் இருக்கையைத் தூக்கி ஒவ்வொன்றாக அளந்தால், மற்றவற்றைவிட நன்றாக இறங்கி நிற்பது எது என்று தெரிந்துவிடும். ஹெட்லைற் பல்ப்பைக் கொழுவிப் பார்ப்பது சோதனையே இல்லை. 55 வோற் பல்ப் 12 வோல்ற்றில் 5 அம்பியர்கூட இழுக்காது. ட்ரோஜன் டி-105 போன்ற 6 வோல்ற் பற்றரி புதிதாக இருக்கும்போது 75 அம்பியரை 115 நிமிடம் கொடுக்கும் என்று கணக்கு. அதனிடம் பல்ப்பைக் காட்டி என்ன பயன்? கார் பற்றரிக் கடையின் சோதனைக் கருவியும் அப்படித்தான். அது எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடி வேகத்தைப் பார்க்கப் பிறந்தது. நீண்ட நேர ஓட்டத்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

சுமைச் சோதனையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வண்டி அசையாமல் போகும் வரை ஓட்டுபவர்களும் உண்டு. ஓட்டத்தில் 6 வோல்ற் பற்றரி 5.25க்கு, 8 வோல்ற் 7க்கு வந்தால் நிறுத்துங்கள். அப்புறம் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே சார்ஜில் போடுங்கள். இறங்கிய நிலையில் கிடக்கும் பற்றரியின் தட்டுகளில் சல்பேற் இறுகிவிடும்.

கடற்காற்று உள்ள இடம், முனைகளில் பூஞ்சணம் போலப் பூத்திருக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஓடி வந்ததும் ஒரு முனை மட்டும் கை சுடுகிறது என்றால் குற்றம் அந்த இணைப்பில் இருக்கலாம்.

சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு மின்சாரத்தைத் தொட்டுப் பார்க்கப் பயமில்லை. இது அந்த அளவு அல்ல. காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பானரின் பிடிக்கு இன்சுலேஷன் ரேப் சுற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வரும், காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே வெடிக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்காதீர்கள். ரோச் லைற் போதும்.

லித்தியம் பற்றரி போட்ட வண்டி என்றால் ஹைட்ரோமீற்றருக்கு வேலையில்லை. வோல்ற் அளவும் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அதன் கட்டுப்பாட்டுப் பலகை தரும் செல் விவரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கெட்டது எது என்று கண்டுபிடித்த பிறகும் ஒரு பிழை காத்திருக்கிறது. நாலைந்து வருடம் ஓடிய அடுக்கில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், பழையவை முந்தித் தீர, சார்ஜும் ஓட்டமும் சமன் கெட்டு, புதியதும் சீக்கிரம் தேயும். அடுக்குக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் அதே நிறுவனம், அதே அம்பியர் அளவில் ஒன்றை மாற்றலாம். பழைய அடுக்கு என்றால், கெட்டதை எடுத்துவிட்டு அதே வயதில் நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேடிப் போட்டு ஓட்டுங்கள், முழு அடுக்கையும் மாற்றக் காசு சேரும் வரைக்கும்.