டி.என்.ஏ நகலெடுப்பு: தாளில் வரைந்து பார்த்தால் புரிந்துவிடும்

டி.என்.ஏ இரட்டிப்பாதலில், அதாவது நகலெடுப்பில், வரும் என்சைம்களின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம், ஆனால் அடுத்த வாரமே எல்லாம் மறந்துபோகும். அதற்குப் பதிலாக இரண்டே விதிகளைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் அவற்றிலிருந்தே வந்துவிடும். ஒரு தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு இழைகளை எழுதுங்கள்

மேல் இழை: 5′ ஏ டி ஜி சி சி ஏ டி ஜி 3′
கீழ் இழை: 3′ டி ஏ சி ஜி ஜி டி ஏ சி 5′

ஏ, டி, ஜி, சி என்பவை டி.என்.ஏ-வின் நான்கு 'எழுத்துகள்' (காரங்கள்); 5′, 3′ என்பவை ஓர் இழையின் இரண்டு முனைகளின் பெயர்கள். ஏ-வுக்கு எதிரில் டி, ஜி-க்கு எதிரில் சி. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைக் கவனியுங்கள். 5′, 3′ குறிகளைப் போடாமல் விட்டால் படி 3-இல் கண்டிப்பாக மாட்டிக்கொள்வீர்கள்.

படி 2: இடப்பக்கத்திலிருந்து பிரியுங்கள்

முதல் நான்கு எழுத்துகள் விலகி நிற்க, மீதி ஒட்டியிருக்கும்படி Y வடிவில் மறுபடி வரையுங்கள். இதுதான் இரட்டிப்பாதல் கவை. பிரிக்கிற வேலை ஹெலிகேஸ் என்ற என்சைமுடையது.

முதலில் பாக்டீரியாவைப் பார்ப்போம். இ.கோலை என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ ஒரு வளையம், சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். நகலெடுப்பு தொடங்குவதற்கு அதில் ஒரே ஓர் இடம்தான். அங்கே ஏ–டி ஜோடிகள் அதிகம், காரணத்தோடுதான்: ஜி–சி-யில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள், ஏ–டி-யில் இரண்டுதான், அதனால் பிரிப்பது சுலபம்.

பிரிக்கப் பிரிக்க, முன்னால் இருக்கும் பகுதி முறுக்கேறிக்கொண்டே போகும். அதைத் தளர்த்த கைரேஸ் என்ற என்சைம் இருக்கிறது. டாக்டர் எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் இந்தக் கைரேஸைத்தான் குறிவைக்கிறது.

படி 3: நகலெடுங்கள் (இங்கேதான் நிதானம் வேண்டும்)

எழுத்துகளைக் கோக்கும் பாலிமரேஸ் என்ற என்சைமுக்கு இரண்டு விதிகள். ஒன்று, வெற்றிடத்தில் அது தொடங்காது. ஏற்கெனவே இருக்கும் ஒரு துண்டை நீட்ட மட்டுமே தெரியும். இரண்டு, 3′ முனையில் மட்டுமே எழுத்தைச் சேர்க்கும்.

முதல் விதியைச் சமாளிக்க, பிரைமேஸ் என்ற என்சைம் முதலில் ஒரு சிறிய ஆர்.என்.ஏ துண்டை வைத்துக்கொடுக்கிறது. அதுதான் பிரைமர். அதை வேறு நிறத்தில் வரையுங்கள்.

இப்போது கீழ் இழை. அதன் 3′ முனை இடப்பக்கம் இருப்பதால், புது இழை இடமிருந்து வலமாக, கவை திறக்கும் திசையிலேயே வளரும். ஒரு பிரைமர் போதும், நிற்காமல் ஓடும்.

மேல் இழையில் நிலைமை தலைகீழ். புது இழை வலமிருந்து இடமாகத்தான் வளர முடியும். கவையோ வலப்பக்கம் திறந்துகொண்டே போகிறது. வேறு வழியில்லை: கொஞ்சம் திறந்ததும் ஒரு பிரைமர், ஒரு துண்டு, இன்னும் கொஞ்சம் திறந்ததும் மறுபடி ஒரு பிரைமர், ஒரு துண்டு. இந்தத் துண்டுகளை 1960களில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதியர் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இவை ஒகசாகி துண்டுகள். பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் 1000 முதல் 2000 எழுத்து நீளம்.

படி 4: ரப்பரை எடுங்கள்

பிரைமர்களை அழித்துவிட்டு அந்த இடங்களை டி.என்.ஏ எழுத்துகளால் நிரப்புங்கள். துண்டுகளுக்கு இடையில் மிஞ்சும் வெட்டை லைகேஸ் என்ற என்சைம் ஒட்டிவிடும். பாலிமரேஸ் தவறான எழுத்தைப் போட்டால், ஒரு படி பின்னால் வந்து அதை நீக்கிவிட்டுச் சரியானதைப் போடும். அதிலும் தப்பிப்பதை வேறு புரதங்கள் பிறகு திருத்துகின்றன. கடைசியில் மிஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும்.

படி 5: மனித செல்லுக்கு வாருங்கள்

விதிகள் அதேதான், மாறுவது அளவு. ஒரு கணக்குப் போடுவோம். இ.கோலையில் இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன, ஒவ்வொன்றும் விநாடிக்குச் சுமார் 1000 எழுத்து. ஆளுக்கு 23 லட்சம் என்றால் 2300 விநாடி, ஏறத்தாழ 40 நிமிடம். (சத்தான வளர்ப்புக் கரைசலில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். அதெப்படி? ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது.)

மனிதரின் முதலாம் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி ஜோடிகள். நம் டி.என்.ஏ ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றியிருக்கிறது. கவையின் வேகமும் விநாடிக்குச் சுமார் 50 எழுத்துதான். தொடக்க இடம் ஒன்றே ஒன்று என்றால், அது நடுவில் இருந்தாலும்கூட நகலெடுக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். உண்மையில் எட்டு மணி நேரம் போல்தான் ஆகிறது, ஏனென்றால் நம் குரோமோசோம்கள் பல்லாயிரம் இடங்களில் திறக்கின்றன. ஒகசாகி துண்டுகளும் இங்கே சின்னவை, 100 முதல் 200 எழுத்து.

படி 6: வலது ஓரத்தைப் பாருங்கள்

வளையத்துக்கு முனை கிடையாது, நம் குரோமோசோமுக்கு உண்டு. உங்கள் படத்தில் மேல் இழையின் வலது ஓரத்தில் இருக்கும் கடைசி பிரைமரை அழியுங்கள். அந்த இடத்தை எப்படி நிரப்புவீர்கள்? பாலிமரேஸ் நீட்டுவதற்கு அதற்கு முன்னால் துண்டே இல்லை. ஆக, ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் தேய்கிறது.

தேய்வது முக்கியமான மரபணுவாக இருந்துவிடக் கூடாது என்று, முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. இதுதான் டெலோமியர். தன்னோடு ஓர் ஆர்.என்.ஏ அச்சை வைத்துக்கொண்டு இதை நீட்டித்தரும் டெலோமரேஸ் என்ற என்சைமை 1984-இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டுபிடித்தார்கள். ஜாக் சோஸ்டாக்குடன் சேர்ந்து 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. விந்தணு, முட்டையை உருவாக்கும் செல்களில் டெலோமரேஸ் வேலை செய்கிறது. உடலின் பெரும்பாலான மற்ற செல்களில் அது அடங்கியே இருக்கிறது, பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களிலோ மறுபடி விழித்துக்கொள்கிறது.