புற்றுநோய் சார்ந்த நரம்புப் பாதிப்பு: ஆன்டிபாடி பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடை தள்ளாடுவது, நினைவு மங்குவது, கைகால் மரத்து எரிவது எனச் சில வாரங்களிலேயே முற்றிவிடும் நரம்புக் கோளாறுகளுக்குப் பின்னால், இன்னும் கண்டுபிடிக்கப்படாத புற்றுநோய் இருக்கக்கூடும். கட்டியை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு, நரம்பையும் சேர்த்துத் தாக்குகிறது. அதன் தடயமான ஆன்டிபாடியை (நோயெதிர்ப்பு உருவாக்கும் தாக்குப் புரதம்) இரத்தத்தில் தேடும்போது நேரும் தவறுகள் நோயாளியைத் தவறான பாதையில் கொண்டுபோய்விடும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது அடிக்கடி நடக்கிறது. இம்யூனோகுளோபுலின் மருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து (இரத்தத்தின் திரவப் பகுதி) தயாராவது. கொடையாளர்களின் ஜிஏடி65 (நரம்புசெல் நொதி ஒன்றை எதிர்ப்பது) போன்ற ஆன்டிபாடிகளும் அதோடு ஏறி, நோயாளியின் உடல் உருவாக்காததை உருவாக்கியதுபோல் காட்டும். நோயாளியின் பிளாஸ்மாவை அகற்றி மாற்றுத் திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்றம் செய்திருந்தாலோ, இருப்பதும் குறைந்துவிடும். முதலில் இரத்தம் எடுத்து, அதிலிருந்து சீரத்தைப் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) பிரித்துக் குளிரில் வையுங்கள். முடிவு வரப் பல நாளாகலாம். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரத்தம் மட்டும் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. மூளைச் செல்களின் என்எம்டிஏ ஏற்பியை எதிர்க்கும் ஆன்டிபாடி சிலருக்கு இரத்தத்தில் தென்படாமல், முதுகுத்தண்டு நீரில் மட்டுமே தென்படும். எல்ஜிஐ1 என்ற நரம்புப் புரதத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி இதற்கு நேர்மாறு. அதை இரத்தமே நன்றாகக் காட்டும். இரண்டையும் சேர்த்து அனுப்புவதே நல்லது.

எங்கள் கணிப்பில் மிகப் பெரிய தவறு, லைன் பிளாட் பட்டையில் (ஆன்டிபாடி இருந்தால் கோடு தெரியும் பரிசோதனைப் பட்டை) தெரியும் மெல்லிய கோட்டை அப்படியே நம்புவதுதான். பட்டையில் ஒட்டியிருப்பது தனியாகப் பிரித்தெடுத்த புரதம். அது திசுவில் இருக்கும் வடிவத்தில் இல்லாததால் தொடர்பில்லாத ஆன்டிபாடியும் ஒட்டிக்கொள்ளலாம். 'யோ' என்ற ஆன்டிபாடியில் இத்தகைய பொய்நேர்மறை (இல்லாததை இருப்பதாகக் காட்டும் முடிவு) நன்கு அறியப்பட்டது. உண்மையான 'யோ' பெரும்பாலும் சிறுமூளை பாதிக்கப்பட்ட பெண்களிடம், சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோயோடு வருவது. கைவிரல் மரத்துப்போன ஆணுக்கு மங்கலாக 'யோ' வந்தால் சந்தேகப்படுங்கள். எலி மூளைத் திசுவில் ஒளிர்வுப் பரிசோதனை (ஆன்டிபாடி ஒட்டும் இடத்தை ஒளிரவைத்துப் பார்ப்பது) செய்து, அதிலும் உரிய வடிவம் தெரிந்தால்தான் ஏற்க வேண்டும். அறிகுறி பொருந்தாதவருக்கும் பெரிய தொகுப்பாகப் பரிசோதனை எழுதினால் இத்தகைய போலி முடிவுகள் பெருகும்.

எல்லா நேர்மறையும் ஒன்றல்ல. 'ஹூ' என்ற ஆன்டிபாடி வந்தால் சிறுசெல் நுரையீரல் புற்றுநோயைத் தீவிரமாகத் தேட வேண்டும். எல்ஜிஐ1-இல் கட்டி அரிது. ஜிஏடி65 குறைந்த அளவில் இருந்தால் அது முதல் வகை நீரிழிவினால்கூட இருக்கலாம்.

எதிர்மறை முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல. அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மாதாமாதம் இரத்தம் எடுப்பதிலும் பயன் குறைவு. நோயின் போக்கை அது சரியாகக் காட்டாது.

புற்றுநோயோடு வலுவான தொடர்புள்ள ஆன்டிபாடி உறுதியாகியும் முதல் ஸ்கேனில் கட்டி தெரியாவிட்டால், தேடலை அங்கே நிறுத்திவிடாதீர்கள். 2021-இல் வெளியான சர்வதேச வரையறை, 4 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் மறுபடி தேடச் சொல்கிறது. சிடியில் பிடிபடாத சிறு கட்டி பெட்-சிடியில் (செல்களின் செயல்பாட்டையும் காட்டும் ஸ்கேன்) தெரியலாம். 'மா2' என்ற ஆன்டிபாடி உள்ள இளம் ஆண்களுக்கு விதைப்பை அல்ட்ராசவுண்டும் அவசியம்.